12 நிமிட ஓட்டம்: பிள்ளைகளை ஏன் ஓடவிட்டேன் என்று கேட்டவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கொமென்ட் போடாதீர்கள், அது ஒன்றுதான் வேண்டுகோள்.

போன கிழமை தரம் 9 மாணவர்களுக்கு 12 நிமிட ஓட்டப் பரிசோதனை ஒன்று வைத்தேன். அன்று பின்னேரமே பெற்றோரின் வட்ஸ்அப் குழுமத்தில் குரல் பதிவுகள் வரத் தொடங்கிவிட்டன. "சேர், புள்ளைக்கு கால் நோவு, ராவு முழுக்க நித்திரை இல்ல. ஏன் இப்படி ஓட விட்டீங்க?" என்று ஓர் உம்மா. "மெட்ச் வருதா சேர்? செலெக்ஷனா?" என்று ஒரு வாப்பா. இன்னொருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார்: "ஓடுறதுக்கு மார்க்ஸ் இருக்கா? ஓ.எல்லுக்கு இது வருமா?"

எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். கூடவே நான் செய்த ஒரு பிழையையும் எழுத வேண்டியிருக்கிறது. அதை எழுதாவிட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

முதலில், இது என்ன பரிசோதனை?

மைதானத்தில் கயிறு பிடித்து அளந்து 200 மீற்றர் சுற்று ஒன்றைக் குறித்தோம். 50 மீற்றருக்கு ஒரு கம்பு நட்டோம். பிள்ளைகளை இரண்டு பாதியாகப் பிரித்தோம். ஒரு பாதி ஓடும், மறு பாதி ஆளுக்கு ஒருவரின் சுற்றை எண்ணும். விசில் ஊதியதும் ஓடத் தொடங்க வேண்டும். களைத்தால் நடக்கலாம். 12 நிமிடம் முடிந்ததும் மறுபடி விசில். நின்ற இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். மொத்தம் எத்தனை மீற்றர் வந்தது என்று எழுதிக்கொள்வோம். அவ்வளவுதான். ஒரு மணிக்கூடு, ஒரு விசில், ஒரு கயிறு, ஒரு கொப்பி. ஐந்து சதம் செலவில்லை.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்க விமானப்படையில் வைத்தியராக இருந்த கென்னத் கூப்பர் என்பவர் 1968இல் இதை வெளியிட்டார். ஒருவரின் உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்த முடியும் என்பதை ஆய்வுகூடத்தில் அளக்கலாம். முகத்தில் முகமூடி மாட்டி, ஓடும் இயந்திரத்தில் ஏற்றி, மூச்சுக் காற்றைப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். ஒவ்வொரு படைவீரனையும் அப்படி அளக்க முடியுமா? அவர் 115 பேரை ஆய்வுகூடத்திலும் அளந்தார், 12 நிமிடம் ஓடவிட்டும் பார்த்தார். இரண்டு அளவுகளும் மிக நெருக்கமாகப் பொருந்தின. அன்றிலிருந்து உலகம் முழுவதும் படைகளிலும் பாடசாலைகளிலும் விளையாட்டுக் கழகங்களிலும் இது பாவனையில் இருக்கிறது. 1970 உலகக் கிண்ணத்துக்குப் பிரேசில் உதைபந்தாட்ட அணியைத் தயார்படுத்தியபோதும் கூப்பரின் முறையைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த நாட்டில் மெதுவோட்டத்துக்கே "கூப்பர்" என்று பெயர் வந்துவிட்டது.

ஏன் 12 நிமிடம்? விஞ்ஞானப் பாடத்தில் காற்றிற் சுவாசம், காற்றின்றிய சுவாசம் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். 100 மீற்றர் ஓட்டத்தில் பெரும்பாலும் ஒட்சிசன் இல்லாமலே தசை சக்தியை எடுத்துக்கொள்கிறது. கெதியாக முடிந்துவிடும் வேலை. ஆனால் 12 நிமிடத்தை அப்படி ஓட்டிவிட முடியாது. சுவாசப்பை காற்றை எடுக்க வேண்டும், இதயம் குருதியைத் தள்ள வேண்டும், குருதி ஒட்சிசனைத் தசைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும், தசை அதைப் பயன்படுத்த வேண்டும். இந்தச் சங்கிலியில் எது பலவீனமாக இருந்தாலும் தூரம் குறையும். ஆகவே அந்தத் தூரம் காலைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. இதயத்தைப் பற்றியும் சொல்கிறது.

கணக்கு தெரிந்தவர்களுக்கு: ஓடிய மீற்றரில் இருந்து 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால், உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசன் என்று ஒரு மதிப்பீடு வரும். 2,400 மீற்றர் ஓடியவருக்கு ஏறக்குறைய 42. 1,600 மீற்றருக்கு 24 அல்லது 25. ஆனால் இந்தச் சூத்திரம் வளர்ந்த விமானப்படை ஆண்களை வைத்து வந்தது. நமது ஊர் வெக்கையில், புழுதி மைதானத்தில், 14 வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே வைத்து "நீ சுகதேகி, நீ இல்லை" என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் பிள்ளைகளுக்கு மீற்றரை மட்டும்தான் சொல்கிறேன்.

இனி என்னுடைய பிழைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, வேறொரு பாடசாலையில் இதே பரிசோதனையை வைத்தேன். மறுநாள் காலைக் கூட்டத்தில் பெறுபேற்றை வாசித்தேன். முதலாவது ஆளில் இருந்து கடைசி ஆள் வரை, பெயரும் மீற்றரும். போட்டி மனப்பான்மை வரும், எல்லோரும் உற்சாகமாக ஓடுவார்கள் என்று நினைத்தேன். கடைசிப் பெயரை வாசித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை உடற்கல்விப் பாடத்துக்கு ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கடிதத்தோடு வந்தான். வயிற்று நோவு, தலையிடி, கால் சுளுக்கு. நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் ஒரு கடையில் அவனைக் கண்டேன். அங்கு வேலை செய்கிறான். மரியாதையாக எழும்பி ஸலாம் சொன்னான், பிளேன்டீ எடுத்துத் தந்தான். கதையோடு கதையாகச் சிரித்துக்கொண்டு சொன்னான்: "ஆயிரத்து இருநூற்று நாப்பது, சேர். நீங்க வாசிச்ச நம்பர். எனக்கு இன்னும் பாடம்."

என்னிடம் படித்த பாடங்களில் அவனுக்கு வேறு என்ன ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அந்த எண் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு நாளும் அவன் ஓடியதில்லை என்றும் சொன்னான். ஓட்டத்தின் மீது ஆசை வரவேண்டும் என்று வைத்த பரிசோதனை, ஒரு பிள்ளையை ஆயுள் முழுக்க மைதானத்தை விட்டு விரட்டிவிட்டது. அதைச் செய்தது மணிக்கூடோ விசிலோ அல்ல, நான்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்டுமில்ல சேர்" என்றான். ஆனால் அது ஒன்றுமில்லாத விடயம் இல்லை.

அதனால் என் கருத்து இதுதான்: ஓட்டத்தை அளக்க வேண்டும். ஆனால் பிள்ளையைப் பிள்ளையோடு ஒப்பிட்டு அளக்கக் கூடாது. இந்தப் பிள்ளையின் முதலாம் தவணையை இதே பிள்ளையின் மூன்றாம் தவணையோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஒரு பிள்ளை பயிற்சியே இல்லாமல் 2,200 ஓடும். இன்னொரு பிள்ளை மூன்று மாதம் உழைத்தும் 1,700தான் வரும். ஆனால் அந்த 1,700 பிள்ளை 1,400இல் இருந்து வந்திருந்தால், இரண்டு பேரில் அதிகம் உழைத்தது யார்? வரிசைப் பட்டியலில் அது தெரியவே தெரியாது. கொப்பியில்தான் தெரியும். பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருப்பதால் முன்னேற்றத்தில் ஒரு பங்கு வளர்ச்சியால் வருவது என்பதும் உண்மை. மனம் வைத்து ஓடாத நாளில் தூரம் குறையும் என்பதும் உண்மை. அதனால்தான் ஒரே மைதானம், ஒரே நேரம், ஒரே முறை என்று வைத்துக்கொள்கிறோம்.

கிரிக்கெட் பார்ப்பவர்கள் உடனே கேட்பீர்கள். தேசிய அணிக்கு 2 கிலோமீற்றரை 8 நிமிடம் 10 செக்கனில் ஓட வேண்டும் என்று 2022இல் எல்லை வைத்தார்களே, அது சரியென்றால் இது ஏன் பிழை? அந்த நேரம் நமது தேத்தண்ணிக் கடைகளில் நடந்த வாதம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. "96இல கப் தூக்கினவங்க எல்லாரும் ஓடிப் பார்த்தா எடுத்தாங்க?" என்று ஒரு கட்சி. "ஓட ஏலாதவன் எதுக்கு விளையாடுறான்?" என்று மறு கட்சி. எங்கள் 200 மீற்றர் சுற்றில் வைத்துப் பார்த்தால், அது 10 சுற்று, ஒவ்வொரு சுற்றும் 49 செக்கன். ஒரு சுற்றை 49 செக்கனில் ஓட எங்கள் மாணவர்கள் பலருக்கு முடியும். பத்துச் சுற்று தொடர்ந்து என்றால் அது வேறு கதை.

ஆனால் அவர்கள் சம்பளத்துக்கு விளையாடுபவர்கள். ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வைத்தவர்கள். அவர்களுக்கு எல்லைக்கோடு போடுவது சபையின் வேலை. அது சரியா பிழையா என்று அவர்கள் பேசிக்கொள்ளட்டும். தரம் 9 பிள்ளை யாரோடும் ஒப்பந்தம் எழுதவில்லை. அந்தப் பிள்ளையை எதிலிருந்தும் நீக்குவதற்காக நான் அளக்கவில்லை. நமது பாடசாலைகளில் விளையாட்டு என்றாலே தெரிவுதான். இல்ல விளையாட்டுப் போட்டி வரும், வேகமாக ஓடும் பத்துப் பேரைத் தெரிவு செய்வோம், மற்றவர்கள் கூடாரத்தில் இருந்து கைதட்டுவார்கள். வலய மட்டம், மாகாண மட்டம் என்று பத்துப் பேரும் இரண்டு பேராகக் குறைவார்கள். கைதட்டியவர்களின் இதயத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. நாளைக்கு மாரடைப்பு வருவது கைதட்டியவர்களுக்குத்தான்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இலங்கையில் இன்று மரணங்களில் பெரும்பகுதி தொற்றா நோய்களால்தான். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இதய நோய். இந்த ஊரில் நாம் எத்தனை ஜனாஸாவுக்குப் போகிறோம், அதில் எத்தனை பேர் ஐம்பதைத் தாண்டாதவர்கள் என்று உங்களுக்கே தெரியும். 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்கு சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நமது பிள்ளையின் நாளைப் பாருங்கள். 7.30க்குப் பாடசாலை, 1.30க்கு விடும், 2.30க்கு டியூஷன், பிறகு ஓதல், மஃரிபுக்குப் பிறகு மறுபடி டியூஷன், படுக்கையில் போன். அந்த 60 நிமிடம் எங்கே இருக்கிறது? போன கிழமை ஒரு பிள்ளைக்கு ராவு முழுக்க கால் நோவு வந்ததற்குக் காரணம் 12 நிமிடம் ஓடியதில்லை. அதற்கு முன்பு பல மாதம் ஓடாததுதான்.

பெற்றோரின் பயத்தை நான் சிறிதாக்கவில்லை. 2024 மார்ச்சில் நமது அம்பாறை மாவட்டத்திலேயே பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதைக் கேட்ட எந்த உம்மாவும் பயப்படுவார். நானும் பயந்தேன். அதனால்தான் சில ஒழுங்குகளை வைத்திருக்கிறேன். அவற்றை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், எந்த ஆசிரியரிடமும் இவற்றைக் கேளுங்கள்.

காலை 8 மணிக்கு முன்பு ஓட்டம் முடிந்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு ஓடவிடக் கூடாது. ஓடுவதற்கு முன்பும் பின்பும் தண்ணீர் இருக்க வேண்டும். நோன்பு காலத்தில் இந்தப் பரிசோதனை இல்லை. காய்ச்சல் இருப்பவர், டெங்கு வந்து இப்போதுதான் எழும்பியவர் ஓடக் கூடாது. ஈழை உள்ள பிள்ளை வைத்தியரின் சம்மதத்தோடு, இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். ஓடும்போது நெஞ்சு நோவு வந்த பிள்ளை, மயங்கி விழுந்த பிள்ளை, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று மௌத்தான பிள்ளை, இவர்கள் மூவரும் கட்டாயம் வைத்தியரைக் கண்ட பிறகுதான் மைதானத்துக்கு வரவேண்டும். இதை மறைக்காதீர்கள். பிள்ளைக்கு வெட்கம் என்று சொல்லாமல் விடாதீர்கள். அத்தோடு, பயிற்சி இல்லாத பிள்ளையை முதல் நாளே முழு மூச்சாக ஓடவிடக் கூடாது. இரண்டு மூன்று கிழமை மெதுவாக ஓடிப் பழக்கிய பிறகுதான் பரிசோதனை. போன கிழமை நான் இதில் அவசரப்பட்டுவிட்டேன். பழக்க நாட்கள் போதவில்லை. கால் நோவைப் பற்றிச் சொன்ன அந்த உம்மாவின் முறைப்பாட்டில் இந்தப் பங்கு நியாயமானது, ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த தவணையில் திருத்திக்கொள்வேன், இன்ஷா அல்லாஹ்.

இனி பெண் பிள்ளைகள்.

ஆண் பிள்ளைகள் ஓடியதை மேல்மாடி ஜன்னலில் இருந்து பார்த்த தரம் 9 மாணவிகள் சிலர் என்னிடம் வந்து கேட்டார்கள்: "எங்களுக்கு ஏன் சேர் இல்ல?" என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. மைதானம் வீதிக்குத் தெரியும், பெண் உடற்கல்வி ஆசிரியை இல்லை என்று ஏதோ சொன்னேன். உண்மையில் நாங்கள் யோசிக்கவே இல்லை என்பதுதான் பதில்.

யோசித்தால் வழி இருக்கிறது. 20 மீற்றர் நீளம் போதுமான இன்னொரு ஓட்டப் பரிசோதனை உண்டு. கனடாவில் லேஜே என்பவர் உருவாக்கி 1982இல் வெளியிட்டது. இரண்டு கோடுகளுக்கு இடையில் போய் வரவேண்டும். ஒலிப்பதிவில் "பீப்" சத்தம் வருவதற்குள் மறு கோட்டை அடைய வேண்டும். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு எட்டரை செக்கன் அளவு கிடைக்கும், கிட்டத்தட்ட மெதுவோட்டம். ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடும். பிடிக்க முடியாமல் போனதும் நின்றுவிடலாம். மதில் கட்டிய உள்முற்றம் ஒன்றும் ஒரு ஸ்பீக்கரும் போதும். ஓர் ஆசிரியை முன்வந்திருக்கிறார். அதிபரும் சம்மதித்துவிட்டார். பாடசாலை உடற்பயிற்சி உடையும் பர்தாவும் அணிந்து, ஆண்கள் இல்லாத இடத்தில், ஆசிரியையின் மேற்பார்வையில். இதற்கும் எதிர்ப்பு வரும் என்று தெரியும். எதிர்ப்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி நடத்திய செய்தி அபூதாவூதில் இருப்பதை நீங்கள் அறியாதவர்கள் இல்லை. பிறகு எதற்காக நமது பெண் பிள்ளைகள் பத்து வயதோடு ஓட்டத்தை மறந்துவிட வேண்டும்? நாற்பது வயதில் நீரிழிவு சிகிச்சை நிலையத்தின் வரிசையில் நிற்பவர்களில் நமது உம்மாமார், ராத்தாமார் எத்தனை பேர் என்று போய்ப் பாருங்கள்.

கடைசியாக, நமக்கு.

குரல் பதிவு போட்ட வாப்பாமாரில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் வீட்டில் இருந்து பள்ளிவாசலுக்கு 300 மீற்றர். ஐந்து வேளையும் மோட்டார் சைக்கிளில்தான் வருகிறார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தக் கடையில் இருந்து திரும்பி வந்த மறுநாள், வைத்தியரைக் கண்டு பரிசோதித்துக்கொண்டு, அடுத்த கிழமை மைதானத்தில் நானே 12 நிமிடம் ஓடினேன். எண்ணியது என் மாணவன் ஒருவன். வயது 46, தூரம் 1,680 மீற்றர். எட்டாவது நிமிடத்தில் நடந்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு சுபஹ் தொழுதுவிட்டு கிழமையில் நான்கு நாள் வேகமாக நடந்தும் ஓடியும் வந்தேன். மூன்று மாதத்தில் 1,900. என் எண்ணை இங்கே எழுதிவிட்டேன், ஏனென்றால் அது என்னுடையது. பிள்ளைகளின் எண்களை எழுதமாட்டேன், யாரும் கேட்டு வராதீர்கள். பெற்றோர் தங்கள் பிள்ளையின் கொப்பியை மட்டும் வந்து பார்க்கலாம்.

அடுத்த பரிசோதனை இரண்டாம் தவணை முடிவில், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன்பு பிள்ளையை கிழமையில் மூன்று நாள், இருபது நிமிடம், பேசிக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில் ஓடவிடுங்கள். முதல் சுற்றிலேயே பறந்துவிட்டு மூன்றாவது சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள். முடிந்தால் கூடவே நீங்களும் போங்கள்.

கடையில் இருக்கும் அந்தத் தம்பியையும் அழைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, ஆட்கள் குறைந்த நேரத்தில், நாங்கள் இரண்டு பேர் மட்டும். இன்னும் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. துஆ செய்யுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். திட்டுவதென்றால் இன்பொக்ஸுக்கு வாருங்கள், அங்கே பேசிக்கொள்ளலாம்.